செல்ஃப் எடுக்கலையா பாஸ்?

‘டிக்!’

பட்டனை அமுக்கினா இந்த ஒரு சத்தம் மட்டும்தான் வருது. இன்ஜின் கம்முனு கிடக்கு. இன்னொரு தடவை அமுக்கறீங்க. மறுபடியும் ‘டிக்!’. பஸ் ஸ்டாப்ல நிக்கிற அத்தனை பேரும் உங்களையே பார்க்கற மாதிரி ஒரு ஃபீலிங். சரி, கிக்கரை உதைக்கலாம்னு காலைத் தூக்கினா... அந்த வண்டியில கிக்கரே கிடையாது! இறங்கித் தள்ளு, செகண்ட் கியரைப் போடு, ஓடு, கிளட்சை விடு. காலங்காத்தால இலவச ஜிம்!

இந்த சீன் நடக்காத ஹாஸ்டல் பார்க்கிங் தமிழ்நாட்டுல இருக்கவே இருக்காது. அதுக்கப்புறம் நடக்கறதும் எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். ‘பேட்டரி வீக் மச்சி’ன்னு ஒருத்தன் அடிச்சு விடுவான். கடனை வாங்கிப் புது பேட்டரி போட்டா ரெண்டு நாள் ஓடும். மூணாம் நாள் மறுபடி ‘டிக்!’. அடுத்து சர்வீஸுக்குத் தள்ளிட்டுப் போனா, ‘செல்ஃப் மோட்டார் போச்சு. முழுசா மாத்தணும்’. பில் ஆயிரக்கணக்குல வரும்.

ஆனா பாருங்க, பல நேரம் அந்த மோட்டாருக்குள்ள செத்துப்போனது சுண்டுவிரல் நகம் சைஸ்ல இருக்கற ரெண்டு கார்பன் துண்டுங்கதான். அதோட விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. மோட்டார் முழுக்கப் போச்சா, இல்லை அந்தத் துண்டு மட்டும் தேஞ்சுதான்னு கண்டுபிடிக்கறது அப்படி ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. காதும் ஒரு மல்டிமீட்டரும் போதும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போறோம்.

எங்க கையில் சிக்கின பேஷன்ட், மூணாம் வருஷம் படிக்கற ஒரு நண்பனோட வண்டி. ஒன்பது வருஷப் பழசு, 200 சிசி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அதுல சாப்பாடு டெலிவரி பண்ணித்தான் செமஸ்டர் ஃபீஸ்ல பாதியைத் தேத்தறான். ஒவ்வொரு ஹோட்டல் வாசல்லயும், ஒவ்வொரு அபார்ட்மென்ட் கேட்லயும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். நாமெல்லாம் ஒரு வாரத்துல அமுக்கற பட்டனை அவன் ஒரே ராத்திரியில அமுக்கறான். செல்ஃப் படுத்துக்கிட்டா அன்னிக்கு வருமானம் அம்பேல். ஒரு சர்வீஸ் சென்டர்ல மோட்டாரைக் கழட்டியே பார்க்காம, மாத்தறதுக்குன்னு ஒரு தொகையைச் சொல்லியிருக்காங்க. அது அவனோட ரெண்டு வாரச் சம்பாத்தியம்!

அவங்க மேலயே முழுப் பழியையும் போட முடியாதுங்கறது நம்ம கருத்து. கழட்டி, சுத்தம் பண்ணி, பிரஷ் மாத்தற நேரத்துல அவங்க நாலு வண்டிக்கு ஆயில் மாத்திடலாம். முழு மோட்டாரை மாத்தினா வேலை சுலபம், திரும்பி வராதுங்கற நிம்மதி. ஆனா அந்த நிம்மதிக்குக் காசு குடுக்கறது யாரு? நம்மாளு!

ஸோ, கோவையில ஒரு ரீவைண்டிங் பட்டறை அண்ணன்கிட்ட வண்டியைத் தள்ளிட்டுப் போனோம். கோவையில தடுக்கி விழுந்தா ஒரு மோட்டார் பட்டறையிலதான் விழணும். சும்மா இல்லை, இந்தியாவுலயே தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டார் 1937-ல பீளமேட்டுலதான் வெளிய வந்தது. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செஞ்ச வேலை அது. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு குட்டி மோட்டாரைத் திறந்து பார்க்காம காசை அழறது நியாயமா சொல்லுங்க!

குட்டி ஃப்ளாஷ்பேக்

கார்களுக்கு செல்ஃப் வந்ததே ஒரு நூறு வருஷக் கதை. அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங்னு ஒரு இன்ஜினீயர் உருவாக்கின செல்ஃப் ஸ்டார்ட்டர், 1912 மாடல் காடிலாக் கார்ல வந்துச்சு. அதுவரைக்கும் இரும்புக் கம்பியை முன்னாடி சொருகிக் கையால சுத்தணும். இன்ஜின் திருப்பி உதைச்சா கை எலும்பு உடையும். பைக்குக்கு முதல்ல வச்சுப் பார்த்தது ‘இந்தியன்’ கம்பெனி. பேருதான் இந்தியன், ஊரு அமெரிக்கா! 1914-ல ‘ஹெண்டீ ஸ்பெஷல்’னு ஒரு பைக்கை செல்ஃபோட இறக்கினாங்க. அந்தக் கால பேட்டரி தாக்குப்பிடிக்கலை, மாடலே ஊத்திக்கிச்சு. நம்ம ஊர்ல 1984-ல வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர்தான் பட்டன் ஸ்டார்ட்டை நடுத்தரக் குடும்பத்து வாசலுக்குக் கொண்டுவந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிக்கர் காணாமப் போக ஆரம்பிச்சது. ‘உதைச்சாத்தாண்டா புல்லட்’னு பெருமை பேசின ராயல் என்ஃபீல்டு ரசிகர்களுக்கே 2021-ல வந்த புது கிளாசிக் 350-ல கிக்கர் இல்லை. அதாவது, முன்னாடி செல்ஃப் ஒரு சொகுசு. இப்போ பல வண்டிகள்ல அதை விட்டா வேற வழியே கிடையாது.

காதைத் தீட்டுங்க

பட்டறை அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “பட்டனை அமுக்குங்க தம்பி, என்ன சத்தம் வருதுன்னு கேப்போம்”னு குத்த வச்சு உக்காந்துட்டார். பாதி நோய் சத்தத்துலயே தெரிஞ்சுடுமாம். நாலு வகைச் சத்தம் இருக்கு.

ஒண்ணு, ஒரு சத்தமும் இல்லை. ‘டிக்’கூட இல்லை. மோட்டார் பக்கமே போகாதீங்க. கரன்ட் ரிலே வரைக்கும்கூட வரலை. ஃப்யூஸ், கில் ஸ்விட்ச், கிளட்ச் லிவர் கிட்ட இருக்கற ஸ்விட்ச், புது வண்டின்னா சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்னு பாருங்க. கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கறது தெரியாம அரை கிலோமீட்டர் வண்டி தள்ளின வீரர்கள் எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்காங்க.

ரெண்டு, ‘டிக்டிக்டிக்டிக்’னு மெஷின் கன் மாதிரி சத்தம். இது பெரும்பாலும் பேட்டரி. ரிலே ஒட்டுது, மோட்டார் கரன்டை இழுத்ததும் வோல்டேஜ் படுக்குது, ரிலே விட்டுடுது, வோல்டேஜ் எழுந்திருக்குது, மறுபடி ஒட்டுது. இந்த வட்டம்தான் அந்தச் சத்தம். பேட்டரி முனையில வெள்ளையா உப்புப் பூத்திருந்தாலும், போல்ட் லூஸா இருந்தாலும் இதே கூத்து நடக்கும்.

மூணு, ‘விர்ர்ர்’னு மோட்டார் ஜோரா சுத்தும், இன்ஜின் அசையாது. இங்க மோட்டார் மேல தப்பே இல்லை. மோட்டாரையும் இன்ஜினையும் இணைக்கற ஒன்வே கிளட்ச் வழுக்குது. இதைக் கேட்டுட்டும் மோட்டாரை மாத்தச் சொன்னா, அந்தக் கடையை விட்டு மெதுவா நகர்ந்துடுங்க.

நாலாவதுதான் நம்ம நண்பனோடது. ஒரே ஒரு ‘டிக்’, அப்புறம் மயான அமைதி. பத்து தடவை அமுக்கினா ஒரு தடவை எடுக்கும். மேடு பள்ளத்துல ஏறி இறங்கின பிறகு எடுக்கும். மோட்டார் மேல ஸ்க்ரூ டிரைவர் பிடியால லேசா ஒரு தட்டு தட்டினா உடனே எடுக்கும். இந்த ‘தட்டினா எடுக்குது’ங்கற அறிகுறி இருந்தா, கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா, சுத்தியலை எடுத்துட்டு மோட்டாரைச் சாத்தற பழக்கம் மட்டும் வேணாம். உள்ளே ஒட்டியிருக்கற காந்தம் பீங்கான் மாதிரி. விரிசல் விட்டா அப்புறம் நிஜமாவே முழு மோட்டாரும் காலி.

கூடவே ஒரு பார்வை. பட்டனை அமுக்கும்போது நியூட்ரல் லைட்டைக் கவனிங்க. (ஹெட்லைட் பல வண்டிகள்ல இன்ஜின் ஓடினாத்தான் எரியும். அதனால அதை நம்பாதீங்க.) லைட் சுத்தமா மங்கிட்டா, ஒண்ணு பேட்டரி வீக், இல்லை மோட்டார் ஷார்ட்டாகியோ ஜாமாகியோ அளவுக்கு மீறி கரன்டை இழுக்குது. லைட் அசைஞ்சுகூடக் குடுக்காம பிரகாசமா எரிஞ்சுக்கிட்டு, ‘டிக்’ மட்டும் கேட்டா... மோட்டார் வழியா கரன்டே போகலைன்னு அர்த்தம். நண்பன் வண்டியில லைட் சிரிச்சுக்கிட்டே எரிஞ்சது.

மீட்டர் பொய் சொல்லுமா?

சொல்லும்! நாமதான் தப்பான நேரத்துல கேள்வி கேட்போம். வண்டி சும்மா நிக்கும்போது பேட்டரியில 12.6 வோல்ட் காட்டுது, ‘பேட்டரி சூப்பர்’னு மூடி வச்சிடுவோம். அது எதையும் நிரூபிக்காது.

ஏன்னு பார்க்க, அரியர் வைக்கறதுக்காக மட்டுமே படிச்ச டிசி மோட்டார் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கங்க. மோட்டார் சுத்தும்போது அதுவே எதிர்த் திசையில ஒரு வோல்டேஜை உண்டாக்கும். பேக் இ.எம்.எஃப். பேட்டரி வோல்டேஜ்ல இருந்து அதைக் கழிச்சு, மீதியை ரெசிஸ்டன்ஸால வகுத்தா கரன்ட். கணக்குக்கு, மொத்த சர்க்யூட்டோட ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்னு வச்சுக்குவோம். நின்னுக்கிட்டிருக்கற மோட்டார்ல பேக் இ.எம்.எஃப். பூஜ்யம். 12-ஐ 0.1-ஆல வகுத்தா 120 ஆம்பியர்! சுத்த ஆரம்பிச்சு, எதிர் வோல்டேஜ் 7 வந்ததும் கரன்ட் 50-க்கு இறங்கிடும். உங்க செல்போன் சார்ஜர் குடுக்கறது ரெண்டு மூணு ஆம்பியர். அந்த கட்டை விரல் தடிமன் கேபிள் எதுக்குன்னு இப்போ புரியுதா?

இப்போ தேஞ்ச பிரஷ்ஷோ, கருகின ரிலே முனையோ ஒரு அரை ஓம் ரெசிஸ்டன்ஸை நடுவுல சொருகுதுன்னு வைங்க. 12-ஐ 0.6-ஆல வகுத்தா வெறும் 20 ஆம்பியர். ஆறுல ஒரு பங்கு. இந்த வகை மோட்டார்ல இழுவை சக்தி கரன்ட்டைப் பொறுத்தது. அதனால இன்ஜின் அசையாது. ஆனா மல்டிமீட்டருக்கு அந்த அரை ஓம் கண்ணுலயே படாது. ஏன்னா மீட்டர் இழுக்கற கரன்ட் ரொம்ப ரொம்பக் கம்மி. துருப்பிடிச்ச ஒத்தை ஒயர் வழியாக்கூட அதுக்கு 12 வோல்ட் தெரியும். அதனால இந்த வேலையில ஒரே சட்டம்: மீட்டரை வச்சுக்கிட்டே பட்டனை அமுக்கணும். பாரம் ஏறும்போது என்ன ஆகுதுன்னு பார்க்கணும்.

வண்டியை நியூட்ரல்ல போடுங்க. நண்பனைப் பட்டன்ல நிறுத்துங்க. ரெண்டு மூணு செகண்டுக்கு மேல அமுக்க வேணாம்.

முதல்ல பேட்டரி முனை ரெண்டுலயும் வைங்க. நல்ல பேட்டரி, ஸ்டார்ட் பண்ணும்போது 10 வோல்ட் பக்கம் வந்து நிக்கும். 9.5-க்கும் கீழ விழுந்தா பேட்டரியைச் சந்தேகப்படலாம். அடுத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயே விட்டுட்டு, சிவப்பு முனையை மோட்டார் மேல தடி கேபிள் வந்து சேர்ற போல்ட்ல வைங்க. இங்கதான் க்ளைமாக்ஸ். பேட்டரியில 12 இருக்கு, மோட்டார் போல்ட்ல மூணு நாலுதான் காட்டுதுன்னா, நடுவுல ரிலேயோ கேபிளோ திருடுது. ரிலேயோட ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீட்டரை வச்சு அமுக்குங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ரிலேதான் திருடன். ‘டிக்’னு சத்தம் வருதே, ரிலே நல்லாத்தானே இருக்குன்னு நினைக்காதீங்க. சத்தம் போடறது காயில். கரன்ட்டைக் கடத்தற செம்பு முனை கருகியிருந்தாலும் அது பாட்டுக்கு ‘டிக்’ சொல்லும்.

பேட்டரி, மோட்டார் போல்ட் ரெண்டுமே சேர்ந்து அஞ்சு, ஆறு வோல்ட்டுக்கு விழுந்தா, வேற நல்ல பேட்டரியை வச்சுப் பாருங்க. அப்பவும் விழுந்தா மோட்டார் ஷார்ட்டு, அல்லது எங்கேயோ ஜாம். டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னே தள்ளிப் பார்த்தா இன்ஜின் ஃப்ரீயா சுத்துதான்னு தெரிஞ்சுடும்.

மோட்டார் போல்ட்ல முழு வோல்டேஜும் வருது, ஆனா மோட்டார் அசையலை... இதுதான் நண்பனோட கேஸ். சும்மா இருக்கும்போது 12.7, அமுக்கும்போது பேட்டரியில 12.6, மோட்டார் போல்ட்ல 12.5. கடைசியா ஒரு வாய்ப்பு பாக்கி: எர்த். கரன்ட் திரும்பிப் போற வழி மோட்டாரோட உடம்புதான். அது இன்ஜின்ல உக்கார்ற இடத்துல துரு, பெயின்ட் இருந்தாலும் வண்டி எடுக்காது. பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, மோட்டார் உடம்புல ஒரு முனை வச்சு அமுக்கிப் பார்த்தோம். ஒண்ணும் இல்லை. “அப்போ வயித்தைக் கிழிச்சிட வேண்டியதுதானுங்க”ன்னார் அண்ணன்.

ஆபரேஷன் தியேட்டர்

பேட்டரி நெகட்டிவ்வை முதல்ல கழட்டணும். அந்தத் தடி கேபிளுக்கு நடுவுல பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. ஸ்பேனர் தெரியாம ஃபிரேம்ல பட்டா தீபாவளி! அப்புறம் கேபிள், மோட்டாரைப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட். கழட்டினதும் மோட்டார் உடனே வராது, ஓ-ரிங் பிடிச்சு வச்சிருக்கும். இடமும் வலமுமா ஆட்டிக்கிட்டே இழுத்தா வந்துடும். நெம்ப வேணாம். அலுமினிய மூடி நெளிஞ்சுடும்.

திறக்கறதுக்கு முன்னாடி அண்ணன் செஞ்ச ஒரு வேலையை மனசுல குறிச்சுக்கங்க. முன் மூடி, நடு உடம்பு, பின் மூடி மூணு மேலயும் சேர்த்து ஒரு நேர்கோடு கிழிச்சார். எதுக்குன்னு கேட்டதுக்கு, “மாத்திப் பூட்டுனா தலைகீழாச் சுத்துமுங்க”ன்னார். யோசிச்சுப் பார்த்தா கரெக்ட். நடு உடம்புலதான் காந்தம் இருக்கு. ரெண்டு துருவ மோட்டார்ல அதை 180 டிகிரி திருப்பிப் பூட்டினா, வடக்கு இருந்த இடத்துல தெற்கு வந்துடும். ஃபிளெமிங் இடது கை விதிப்படி மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தும். பரீட்சை ஹாலில் கட்டை விரலையும் ரெண்டு விரலையும் விரிச்சு வச்சு முழிச்சோமே, அந்த விதி ஒரு கோட்டுக்குள்ள அடங்கிப் போச்சு.

நீள போல்ட் ரெண்டையும் எடுத்ததும் பின் மூடி கழண்டது. உள்ளே பூரா கறுப்பு. அடுப்புக்கரியை அரைச்சுக் கொட்டின மாதிரி கார்பன் தூள். ஆர்மேச்சர் நுனியில மெல்லிசா வாஷருங்க இருக்கும். எந்தப் பக்கம் எத்தனைன்னு செல்போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க. அது ஒண்ணு கீழ உருண்டு போனா, அப்புறம் சாயங்காலம் பூரா அதைத் தேடறதுதான் வேலை.

பிரஷ்ஷுங்க ரெண்டையும் எடுத்து, லேப்ல சுட்ட... ஸாரி, கடன் வாங்கின வெர்னியர்ல அளந்தோம். ஒண்ணு ஆறு மி.மீ., இன்னொண்ணு நாலு! பட்டறையில இருந்த அதே மாடல் புதுசு 11 மி.மீ. இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவல்ல குறைந்தபட்ச நீளம் போட்டிருப்பாங்க. பொதுவா பாதிக்கு வந்துட்டா மாத்திடறது புத்திசாலித்தனம். நாலு மி.மீ. பிரஷ்ஷைப் பார்த்ததும் ‘தட்டினா எடுக்குது’ங்கற மர்மமும் விளங்கிச்சு. பிரஷ் தேயத் தேய அதைப் பின்னாடி இருந்து தள்ளற ஸ்பிரிங்கோட பலம் குறையும். பிரஷ்ஷோட பின்னல் ஒயர் ஹோல்டர் விளிம்புல மாட்டிக்கும். பிரஷ் செம்பைத் தொட்டும் தொடாம தொங்கிட்டு நிக்கும். நாம தட்டற அதிர்ச்சியில ஒரு செகண்ட் போய் ஒட்டும். அந்த ஒரு செகண்ட்ல வண்டி எடுத்துடும். பேட்டரி மாத்தினா ரெண்டு நாள் ஓடற மாயமும் இதேதான். புது பேட்டரியோட முறுக்குல மோசமான தொடர்பு வழியாவும் கொஞ்சம் கூடுதல் கரன்ட் போகும். பிரஷ் இன்னும் கொஞ்சம் தேஞ்சதும் அந்த வித்தையும் பலிக்காது.

அடுத்து கம்யூடேட்டர். புத்தகத்துல வட்டம் போட்டு நாலு கோடு இழுப்போமே, அது! நிஜத்துல ஆர்மேச்சர் முனையில வரிசையா செம்புப் பட்டைங்க, நடுவுல மைக்கா. எங்களுதுல பட்டைங்க கறுத்துப் போயிருந்தது, நடுவுல இருக்கற பள்ளம் கார்பன் தூளால அடைஞ்சு கிடந்தது. அந்தத் தூள் கரன்ட்டைக் கடத்தும். ரெண்டு பட்டையை அதுவே இணைச்சு வச்சா கரன்ட் குறுக்கு வழியில ஓடிடும். நைஸான 600 நம்பர் உப்புத்தாளை ரிப்பன் மாதிரி கிழிச்சு, செம்பைச் சுத்தி இழுத்தா பளபளன்னு வந்துடும். எமரி துணி வேணாம். அதோட துகள் செம்புல புதைஞ்சு புது பிரஷ்ஷை அரம் மாதிரி ராவிடும். பள்ளத்தைச் சுரண்ட ஒடஞ்ச ஆக்ஸா பிளேடு போதும். மைக்கா எப்பவும் செம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கணும். மேல எழுந்து நின்னா பிரஷ் அதுல ஏறிக் குதிக்கும், தீப்பொறி பறக்கும்.

நடுவுல ஒரு சின்ன டெஸ்ட், இதை மட்டும் விட்டுடாதீங்க. மீட்டரை ‘பீப்’ மோடுல வச்சு, ஒரு செம்புப் பட்டைக்கும் பக்கத்துப் பட்டைக்கும் வைங்க. எல்லா ஜோடிக்கும் ‘பீப்’ வரணும். வராத இடத்துல காயில் அறுந்திருக்கு. பிறகு ஒரு முனையை ஆர்மேச்சர் தண்டுல வச்சு, இன்னொரு முனையால பட்டைங்களைத் தொடுங்க. இப்போ ‘பீப்’ வரவே கூடாது. வந்தா இன்சுலேஷன் போச்சு, பிரஷ் மாத்திப் பிரயோஜனம் இல்லை. கேபிள் மாட்டற போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவுலயும் ‘பீப்’ வரக் கூடாது. அந்த போல்ட்டைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக், ஃபைபர் வாஷருங்களை மாட்ட மறந்தா நேரடி ஷார்ட்டு. நம்ம ஆர்மேச்சர் எல்லாத்துலயும் பாஸ், அதுவும் டிஸ்டிங்ஷன்ல!

பெட்ரோல்ல முக்கிக் கழுவற பழக்கம் நிறையப் பட்டறையில பார்க்கலாம். அதுல எனக்கு உடன்பாடு இல்லை. காயில் மேல இருக்கற வார்னிஷுக்கும் நல்லதில்லை, தீப்பொறி வர்ற பொருளை பெட்ரோல் வாசத்தோட மூடறதும் நல்லதில்லை. காஞ்ச பனியன் வேஸ்ட்டும் பழைய டூத் பிரஷ்ஷுமே போதும். மூக்குல கர்ச்சீஃப் கட்டிக்கங்க.

பூட்டறதுதான் பெரிய பாடு

புது பிரஷ்ஷுங்க சில மாடல்ல தட்டோடவே வரும், ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சது. நம்மளோடதுல ஒரு ஒயரைப் பத்த வைக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல இருக்கற 25 வாட் குச்சி இதுக்குப் பத்தாது. அண்ணன்கிட்ட இருந்த பெரிய சைஸ்ல பட்டுன்னு வச்சு எடுத்தார். ஈயம் பின்னல் ஒயர்ல ரொம்ப தூரம் ஏறிட்டா ஒயர் கம்பி மாதிரி விறைச்சுக்கும், பிரஷ் முன்னே நகராது. நாலு மி.மீ. கேஸ் மறுபடி ஆரம்பம்!

ஸ்பிரிங் பிரஷ்ஷை உள்ளே தள்ளிக்கிட்டே இருக்கும். நடுவுல கம்யூடேட்டரைச் சொருகணும். மூணு கை வேணும். பிரஷ்ஷைப் பின்னாடி இழுத்து, ஸ்பிரிங்கை அதோட பக்கவாட்டுல அழுத்தற மாதிரி உக்கார வச்சா பிரஷ் அப்படியே நிக்கும். ஆர்மேச்சர் உள்ளே போனதும் ஸ்பிரிங்கைத் தட்டி விட்டா ‘க்ளிக்’. அடுத்து காந்த உடம்புக்குள்ள ஆர்மேச்சர் போகும்போது ‘டப்’னு இழுக்கும். விரலை விளிம்புல வச்சிருந்தா நசுங்கிடும். நண்பன் ‘ஆ’ன்னு கத்தினது ரோடு வரைக்கும் கேட்டது.

வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி தரையிலயே ஒரு டெஸ்ட். மோட்டாரைக் காலால நல்லா மிதிச்சுக்கிட்டு, பேட்டரியில இருந்து ரெண்டு தடி ஒயரால தொட்டார். சரியா ரெண்டே செகண்ட். பாரம் இல்லாத மோட்டார் எகிறிக் குதிக்கும். பிடிமானம் இல்லாம கையில வச்சுக்கிட்டு ஹீரோயிசம் காட்ட வேணாம்.

சுத்திச்சு! மாட்டின பிறகு பட்டனை அமுக்கினா ஒரே மூச்சுல இன்ஜின் உறுமுச்சு. அப்போ பேட்டரியில அளந்த வோல்டேஜ் 10.8. முன்னாடி 12.6-ல சிரிச்சுக்கிட்டு இருந்தது, இப்போ இறங்குது. இறங்கறதுதான் ஆரோக்கியம். மோட்டார் நிஜமா வேலை செய்யுது, கரன்ட் இழுக்குதுன்னு அர்த்தம்.

ஆனா அண்ணன் அதோட விடலை. உள்ளே இருந்த கறுப்புத் தூள் ஒரு பக்கம் மட்டும் ஈரமா, மை மாதிரி இருந்ததைக் காட்டினார். அது இன்ஜின் ஆயில். மோட்டார் தண்டுல இருக்கற ஆயில் சீல் தேஞ்சு, சொட்டுச் சொட்டா உள்ளே வந்திருக்கு. ஆயிலும் கார்பனும் கலந்தா பேஸ்ட் ஆகி பிரஷ்ஷை ஹோல்டர்லயே ஒட்ட வச்சிடும். சீலை மாத்தாம பிரஷ் மட்டும் மாத்தினா சில மாசத்துல மறுபடி இங்கேதான் வரணும். இந்தச் சீலும் ஓ-ரிங்கும் சேர்ந்தே பிரஷ்ஷைவிட விலை கம்மி! அதையும் போட்டாச்சு.

இப்படி எல்லா மோட்டாரும் பொழைச்சுக்கும்னு நினைச்சுடாதீங்க. காந்தம் உடைஞ்சிருந்தாலோ, புஷ் தேஞ்சு ஆர்மேச்சர் காந்தத்துல உரசிப் பளபளன்னு கோடு விழுந்திருந்தாலோ, செம்புப் பட்டைங்க கழண்டு ஆடினாலோ, அந்த சைஸ் மோட்டாருக்கு ரீவைண்டிங் கட்டுப்படியாகாது. புதுசுதான் போடணும். அப்போ யாராவது மாத்தச் சொன்னா சந்தோஷமா மாத்துங்க. ‘பழசைத் திறந்து காட்டுங்க’ன்னு மட்டும் கேளுங்க.

நண்பனுக்கு அண்ணன் போட்ட ரூல்ஸ் ரெண்டு. அஞ்சு செகண்டுக்கு மேல பட்டனை அமுக்கக் கூடாது. எடுக்கலைன்னா பத்துப் பதினஞ்சு செகண்ட் விட்டுட்டுத்தான் அடுத்தது. அந்த மோட்டார் கொஞ்ச நேர வேலைக்குன்னு செஞ்சது. தொடர்ந்து அமுக்கினா சூடு ஏறி ஆர்மேச்சர் வார்னிஷ் கருகும். ரெண்டாவது, ஒரு வருஷம் கழிச்சு பின் மூடியைத் திறந்து பிரஷ் நீளத்தை மறுபடி அளக்கணும். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அடுத்து எப்போ மாத்தணும்கறது வெறும் வகுத்தல் கணக்கு. நண்பன் சீட்டைத் தூக்கி, அடியில மார்க்கர்ல தேதியைப் போட்டுப் பக்கத்துலயே எழுதி வச்சிட்டான்: ‘11 மி.மீ.’